தளபதியை விற்பதா, கல்லுக்காலைப் பிடுங்குவதா?

நோயாளி சிட்டு. பெட்டை மட்டக்குதிரை, பதினான்கு வயது, எடை 210 கிலோ பக்கம். நெஞ்சின் இடப்புறத்தில் முள்கம்பி கிழித்து, ஒரு சாண் நீளத்துக்குத் தோல் சட்டைப்பை மாதிரி தொங்கிக்கொண்டிருந்தது. சதை அதிகம் போகவில்லை. மயக்க ஊசி போட்டு, கழுவி, வடிகுழாய் ஒன்று வைத்துத் தைத்தேன். டெட்டனஸுக்குக் குதிரை மாதிரிச் சட்டென்று பலியாகிற வீட்டு விலங்கு வேறில்லை. தடுப்பூசி போட்ட விவரம் எந்த நோட்டிலும் இல்லாததால் ஆன்டிடாக்ஸினும் போட்டேன்.

தைக்கும்போதே முன்னங்கால்கள் கண்ணில் பட்டன. இரண்டிலும் குளம்புக்கு மேலுள்ள கணுவின் முன்பக்கம், பத்து ரூபாய் நாணயம் அளவுக்கு முடி உதிர்ந்து தோல் காய்த்துப் போயிருந்தது. நடுவில் பழைய பொருக்கு. கம்பி கிழித்த அடையாளம் இல்லை அது. நோட்டில் எழுதிக்கொண்டேன், யோசிக்கவில்லை. அன்று என் கவனமெல்லாம் தையலில்.

"தளபதி தொரத்துனான் சார். மோட்டார் ரூம் பின்னாடி இதுக்குப் போக வழியில்ல. கம்பி மேல போய் விழுந்துடுச்சு" என்றார் குதிரை பார்த்துக்கொள்பவர். இருபது வருடம் பெங்களூரில் சைஸ், அதாவது குதிரைப் பராமரிப்பாளர், வேலை பார்த்துவிட்டுச் சொந்த ஊருக்குத் திரும்பியவர். தளபதி அதே பண்ணையின் பெரிய குதிரை. பண்ணைக்காரரோ, "வித்துடலாம்னு இருக்கேன் டாக்டர். அது குதிரை இல்ல, ரவுடி" என்றார்.

இடம் கிருஷ்ணகிரி மாவட்டத்தில், தேன்கனிக்கோட்டைக்கும் தளிக்கும் நடுவில். குளிர்ச்சியான மேட்டு நிலம், குதிரைக்கு ஏற்ற ஊர். பக்கத்தில் ஓசூர் மத்திகிரியில் இருக்கிற அரசுக் கால்நடைப் பண்ணைகூட 1824-ல் குதிரைப்படைக்குக் குதிரை வளர்க்கத் தொடங்கப்பட்டதுதான். பண்ணைக்காரர் ஓசூரில் தொழிற்சாலை வேலையிலிருந்து ஓய்வு பெற்று, மூன்று ஏக்கர் மாந்தோப்பு வாங்கி, ஐந்து குதிரை வைத்திருக்கிறார். தோப்பில் எல்லாமே பெங்களூரா ரக மாமரங்கள்.

மூன்று ஏக்கரில் ஐந்து குதிரையை அவிழ்த்துவிட்டால் ஆறு மாதத்தில் தோப்பு மொட்டைத் தரையாகிவிடும், பட்டையெல்லாம் உரிந்துவிடும். அதனால் அவர் டிராக் போட்டிருந்தார். தோப்பின் நடுப்பகுதியை வேலிகட்டி அடைத்துவிட்டு, எல்லை ஓரமாகச் சுற்றிவரும் ஒரு நீண்ட சந்தை மட்டும் குதிரைகளுக்குக் கொடுப்பதுதான் இந்த முறை. புல் ஓரிடம், தண்ணீர் ஓரிடம், உப்பு ஓரிடம் என்று பிரித்து வைத்தால் குதிரை நாள் முழுக்க நடந்துகொண்டே இருக்கும். ஜேமி ஜாக்சன் என்ற அமெரிக்க லாடக்காரர், அங்கே கிரேட் பேசின் வறண்ட பகுதியில் திரியும் காட்டுக் குதிரைகளைப் பார்த்துவிட்டு 2006-ல் முன்வைத்த யோசனை இது. குளம்புக்கும் உடம்புக்கும் நல்லது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

இங்கே டிராக்கின் மொத்தச் சுற்று ஏறத்தாழ 440 மீட்டர். அகலம் 13 அடி. வெளிப்பக்கம் நம் மாவட்டத்தில் எங்கு பார்த்தாலும் இருக்கிற கல்லுக்கால் (வேலிக்கு நடுகிற கல்தூண்), அதில் நாலு வரிசை முள்கம்பி. உள்பக்கமும் கல்லுக்கால், ஆனால் நைலான் கயிறு. வடகிழக்கு மூலையில் மோட்டார் ரூமும் ஒரு பாறையும் இருந்ததால் அங்கே மட்டும் சந்து ஏழு அடியாகக் குறுகியிருந்தது. பெரிய குதிரை மூக்கிலிருந்து வால் வரை எட்டு அடி இருக்கும். ஏழடிச் சந்தில் அது லேசாகத் திரும்பி நின்றாலே கதவு சாத்தின மாதிரி. சிட்டு கதவுக்கு அந்தப் பக்கம் மாட்டிக்கொண்டது, அவ்வளவுதான் நடந்தது. ஆனால் அன்று நானும் குதிரையைத்தான் குற்றம் சொன்னேன்.

ஐந்தையும் சொல்லிவிடுகிறேன். தளபதி, பந்தயத்திலிருந்து கழித்துவிட்ட எட்டு வயதுத் தரோப்ரெட், விதை நீக்கியது, 470 கிலோ. கருவாச்சி, அந்தியூர் குருநாதசாமி கோயில் ஆடிச் சந்தையில் வாங்கிய கத்தியவாரிக் கலப்புப் பெட்டை. வேலன், நாலு வயது, விதை நீக்கி ஒரு வருடம்தான் ஆகிறது. மாரி, கல்யாண ஊர்வலங்களுக்குப் போய்ப் போய் ஓய்ந்த வெள்ளைக் கிழக்குதிரை, இருபது வயதுக்கு மேல். பிறகு சிட்டு.

என் முதல் யோசனை எல்லாரும் சொல்கிற யோசனைதான்: தளபதியைத் தனியாகப் பிரியுங்கள். கொட்டகைக்குப் பின்னால் தடுப்புப் போட்டு அடைத்தார்கள். பத்து நாள் இருந்தது. மற்ற குதிரைகள் கண்ணில் படாத இடம். நாள் முழுக்கக் கனைத்துக்கொண்டு, தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆட்டி ஆட்டி நின்ற இடத்தில் குழி பறித்தது. வெளியே அமைதி வந்ததா என்றால் நாலே நாள்தான். ஐந்தாம் நாள் புல் போடுகிற இடத்தில் கருவாச்சி காதை மடக்கிக்கொண்டு மாரியைக் கடித்து விரட்டியது. சிட்டு மறுபடி ஓரத்தில். ரவுடியை எடுத்ததும் அந்த நாற்காலியில் இன்னொருத்தி உட்கார்ந்துவிட்டாள்.

அதைவிடப் பெரிய தப்பு, பத்தாம் நாள் தளபதியை நேராகக் கூட்டத்துக்குள் விட்டது. அன்று வேலனுக்குத் தொடையில் உதை. பின்னங்காலில் லாடம் இருந்ததால் லாடத்தின் அரைவட்டம் தோலில் அச்சாகப் பதிந்திருந்தது, ஆணித் தலை வரைக்கும் எண்ணலாம். எலும்பு தப்பியது. இடையில் பண்ணைக்காரர் ஏதோ வீடியோ பார்த்துவிட்டு, "நாமதான் தலைவன்னு காட்டணுமாம்" என்று சாட்டையோடு இறங்கியிருக்கிறார். குதிரைக்கு மனிதன் தலைவனாக இருப்பதற்கும், 440 மீட்டர் சந்தில் அவன் இல்லாத நேரத்துக்கும் என்ன சம்பந்தம்? சாட்டை ஓரமாகப் போனது.

அதன்பிறகு செய்ததைத்தான் முதலிலேயே செய்திருக்க வேண்டும். போய் உட்கார்ந்து பார்த்தேன். உயரமான தண்ணீர்த் தொட்டியின் மேல் ஏறினால் முக்கால்வாசி டிராக் தெரியும். கார்த்திகை மாதப் பனியில், இரண்டு நாள், காலை ஆறரை முதல் ஒன்பதரை வரை, ஒரு நோட்டும் பிளாஸ்க் டீயுமாக. யார் வந்தால் யார் நகர்கிறது என்று மட்டும் குறித்தேன். அடிதடியைவிட அதுதான் சேதி சொல்லும். காது மடங்குவது, கழுத்து தாழ்வது, பின்புறத்தைத் திருப்புவது. ஒழுங்கான கூட்டத்தில் பெரும்பாலும் அதோடு முடிந்துவிடும்.

இரண்டு விஷயம் பிடிபட்டது. வரிசை என்று ஒன்று நேராக இல்லை. புல் முன்னால் தளபதி கருவாச்சியை நகர்த்தும், கருவாச்சி வேலனை நகர்த்தும். உப்புக்கட்டிக்குப் போனால் வேலன் வர தளபதி பேசாமல் விலகும். தண்ணீர்த் தொட்டியில் கிழட்டு மாரி குடிக்கும்போது யாரும் கிட்டே போவதில்லை, ஏன் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. 'ராஜா', 'தலைவன்' என்று நாம் பேசுகிற பேச்சு இந்த ஐந்துக்குப் பொருந்தவில்லை.

இன்னொன்று, அந்த மூன்று மணி நேரத்தில் நடந்த கடி உதை எல்லாம் முதல் நாற்பது நிமிடத்துக்குள் முடிந்துவிட்டது. அதுவும் இரண்டே இடத்தில்: கேட்டை ஒட்டிப் பத்தடி தூரத்தில் வரிசையாக ஐந்து பக்கெட்டில் தவிடும் வேகவைத்த கொள்ளும் வைத்திருந்த இடம், அடுத்தது மோட்டார் ரூம் சந்து. ஏழேகாலுக்கு மேல் தளபதி மற்ற குதிரைகளைப் போலச் சும்மா நின்று ராகித் தாள் மென்றுகொண்டிருந்தது.

அப்படியென்றால் காலையில் ஏன் அவ்வளவு வெறி? சைஸிடம் கேட்டேன். ராத்திரி என்ன போடுகிறீர்கள்?

"ஏழு மணிக்கு ஆளுக்கு மூணு கிலோ ராகித் தாள் சார். ஒன்பதரைக்கெல்லாம் தரை சுத்தமா நக்கி வெச்சிருக்கும்."

இங்கேதான் யானை வருகிறது, நிஜமாகவே. ஐப்பசியிலிருந்து தை வரை, ராகி முற்றும் பருவத்தில், கர்நாடகத்தின் பன்னேர்கட்டா காட்டுப் பக்கமிருந்து ஜவளகிரி, தளி, தேன்கனிக்கோட்டை வழியாக யானைக் கூட்டம் இறங்கும். ராத்திரியில் குதிரையை டிராக்கில் விட்டால் ஒரு பிளிறல் போதும், ஐந்தும் கம்பியைப் பிய்த்துக்கொண்டு ஓடும். அதனால் சாயங்காலம் ஆறு மணிக்குக் கொட்டகையில் கட்டிவிடுகிறார்கள், காலை ஆறரைக்கு அவிழ்ப்பு. அந்தப் பயம் நியாயமானது, அதை நான் மாற்றச் சொல்லவில்லை. ஆனால் ஒன்பதரையிலிருந்து ஆறரை வரை ஒன்பது மணி நேரம் வயிறு காலி.

மாட்டுக்கு அது ஒன்றுமில்லை, படுத்து அசைபோடும். குதிரைக்கு அசை கிடையாது. அதன் இரைப்பையில் அமிலம் இருபத்துநாலு மணி நேரமும் சுரந்துகொண்டே இருக்கும், தின்றாலும் தின்னாவிட்டாலும். அதைத் தணிக்கிற எச்சிலோ மென்றால்தான் ஊறும். இரைப்பையின் மேல்பகுதிக்கு அமிலத்தைத் தாங்குகிற கவசப் பூச்சும் இல்லை. நாலைந்து மணி நேரத்துக்கு மேல் காலியாக விடக்கூடாது என்பது அதனால்தான். பந்தயப் பயிற்சியிலிருந்து வருகிற குதிரைகளில் பெரும்பாலானவற்றுக்கு ஏற்கெனவே இரைப்பைப் புண் இருக்கும். தளபதியின் சேணத்து வயிற்றுவாரை இறுக்கும்போது அது திரும்பிக் கடிக்க வரும் என்று சைஸ் முதல் நாளே சொன்னார், நான் அதைக் குணம் என்று எடுத்துக்கொண்டேன். விலாப்பக்கம் தொட்டபோது தோல் சிலிர்த்தது. மூன்று மீட்டர் நீள எண்டோஸ்கோப் விட்டுப் பார்த்தால்தான் உறுதியாகச் சொல்லலாம், அந்த வசதி பக்கத்தில் இல்லை. அமிலத்தைக் குறைக்கிற ஓமெப்ரஸோல் மருந்தை, கிலோவுக்கு 4 மில்லிகிராம், காலையில் தீவனத்துக்கு முன், 28 நாள் என்று கொடுத்துப் பார்த்தோம். மாரியின் வாயைத் திறந்து பார்த்ததில் கடைவாய்ப் பல் ஓரங்கள் கத்தி மாதிரி இருந்தன. அரம் போட்டோம். அது மெதுவாகத் தின்பதும், அதனால் எப்போதும் அடுத்த குதிரையிடம் அடி வாங்குவதும் அதனால்தான்.

சிட்டுவின் கணுக்காயமும் அந்தத் தொட்டியின் மேலிருந்துதான் புரிந்தது. ஒன்பது மணி வெயிலில் மற்றவை தூங்கி வழிய, சிட்டு மோட்டார் ரூம் சுவரை ஒட்டி நின்றிருந்தது. தலை மெல்ல மெல்ல இறங்கியது. மூக்கு தரையைத் தொடப் போகும் நேரத்தில் முன்னங்கால் இரண்டும் சட்டென்று மடிந்து, கணு தரையில் இடிக்க, திடுக்கிட்டு எழுந்து நின்றது. கால் மணி நேரத்தில் மூன்று தடவை. குதிரை நின்றபடி தூங்கும் என்பது பாதி உண்மை. ஆழ்ந்த கனவுத் தூக்கத்துக்கு அது படுத்தே ஆகவேண்டும், நாளுக்கு அரை மணி நேரமாவது. ராத்திரி கொட்டகையில் குட்டைக் கயிற்றில் தளபதிக்கு அடுத்த இடத்தில் கட்டு, பகலில் படுத்தால் யார் வந்து மிதிப்பார்களோ என்ற பயம். மாதக்கணக்காக அது படுக்கவே இல்லை.

மாற்றங்களில் சுலபமானவற்றை முதல் வாரமே செய்தோம். பக்கெட் தீவனம் பாதியாகக் குறைந்து, கொட்டகையிலேயே கட்டின நிலையில் தின்றுவிட்டுத்தான் வெளியே. ராத்திரிக்கு ஆறு கிலோ தாள், ஒன்றரை அங்குலக் கண் உள்ள வலையில், பெரிய குதிரைகளுக்கு இரட்டை வலை. ஒரு குதிரைக்கு நாளைக்கு உடல் எடையில் ஏறத்தாழ இரண்டு சதவீதம் உலர்தீவனம் வேண்டும், தளபதிக்கு ஒன்பது கிலோ. வலையில் போட்டால் இழுத்து இழுத்து விடியற்காலை வரை தின்னும். தளபதியின் பின்லாடம் இரண்டையும் கழற்றினோம். சிட்டுவை மாரிக்குப் பக்கத்தில் மாற்றி, கட்டுக்கயிற்றுக்குப் பதில் குறுக்குக் கட்டை போட்டு அடைத்தோம்.

அவிழ்க்கும் வரிசையைச் சொன்னது சைஸ்தான். "பெரியவன மொதல்ல விட்டா கேட்டுலயே நின்னுக்கறான். கடைசில விடலாம் சார்." சிட்டுவும் மாரியும் முதலில் போய், டிராக்கில் தூரத்தில் கட்டிய தாள் வலையைப் பிடித்துக்கொள்ளும். தளபதி வரும்போது வழியிலேயே இரண்டு வலை காலியாகத் தொங்கும்.

வலை விஷயத்தில் சறுக்கினோம். ஐந்து குதிரைக்கு ஏழு வலை, ஒன்றுக்கொன்று அறுபது மீட்டர். கணக்குச் சரி. ஆனால் குதிரைகள் ஒரு வாரம் முழுக்க இரண்டே வலையைச் சுற்றி நெருக்கியடித்தன, மற்ற ஐந்தும் தொடப்படாமல் தொங்கின. துணை கண்ணில் படாத இடத்தில் குதிரை நிம்மதியாகத் தின்னாது. நமக்கே தனியாகப் பந்தியில் உட்காரப் பிடிக்காது. பிறகு இரண்டிரண்டாக, நடுவில் முப்பத்தைந்து அடி விட்டுக் கட்டினோம், ஏழாவது மட்டும் தனி. ஒரு குதிரை இரண்டையும் காவல் காக்க முடியாது, அதேசமயம் ஒன்றையொன்று பார்த்துக்கொள்ளலாம். அதன்பின் கூட்டம் தானாகப் பிரிந்தது.

எதிர்ப்பக்கம் இன்னொரு சிமெண்டுத் தொட்டி. செங்கோண மூலைகளில் சவுக்குக் கட்டை குறுக்கே கட்டி வளைவாக்கினோம். முள்கம்பிக்கு மூன்றடி உள்ளே சோலார் மின்வேலியின் வெள்ளை நாடா போட்டோம். இதனால் 13 அடி 10 அடியாகிவிட்டது. பாதுகாப்புக்காகப் போட்டது நெருக்கடியைக் கூட்டியது. இனி உள்பக்கம்தான் திறக்க வேண்டும்.

மோட்டார் ரூமை நகர்த்த முடியாது, பாறையை உடைக்கச் செலவு. மரம் வெட்டலாம் என்று நான் வாயெடுத்ததும் பண்ணைக்காரர் முகம் போன போக்கைப் பார்த்து நிறுத்திக்கொண்டேன். இரண்டு நாள் கழித்து அவரே போன் செய்தார்: "மரத்த விடுங்க டாக்டர், கல்லுக்கால பிடுங்கிக்கலாம்." சந்தின் இரு முனையிலும் உள்வேலியில் கல்லுக்காலைக் கடப்பாரை போட்டு எடுத்து, பதினாறு அடி அகலத்தில் இரண்டு வாசல் வைத்தார்கள். துரத்தப்படுகிற குதிரை இப்போது தோப்புக்குள் நுழைந்து ஒரு மரத்தைச் சுற்றிக்கொண்டு மறு வாசலில் வெளியே வரலாம். அந்த மர நிழலில் இரண்டு லாரி மணல் கொட்டிப் பரப்பினோம், படுக்க. இரண்டு பக்கமும் வழி இருக்கிற படுக்கை.

இதற்கிடையில் மறுபடி பிரித்து வைத்த தளபதியைத் திரும்பச் சேர்ப்பதையும் இந்தத் தடவை நிதானமாகச் செய்தோம். கயிற்றுவேலிக்கு இப்பாலும் அப்பாலும் எட்டு நாள் முகம் பார்த்துக்கொண்டு. பிறகு மாரியோடு மட்டும் நாலு நாள். அதன்பின், எல்லாம் தின்று வயிறு நிறைந்த மதியம் ஒரு மணிக்கு, மொத்தமாக. சத்தம் வந்தது, ஓட்டம் இருந்தது, பத்து நிமிடத்தில் அடங்கியது.

தை மாதம் ஒரு மதியம் சைஸ் போன் செய்தார், மூச்சு வாங்கியது. "சார், சிட்டு மணல்ல கால நீட்டிக் கெடந்துச்சு. செத்துடுச்சுன்னு ஓடுனேன். நான் கிட்ட போனதும் எந்திரிச்சு ஒடம்ப ஒதறிக்கிட்டு என்னய மொறைக்குது."

ஆறு வாரம் கழித்து அதே தொட்டியின் மேல் ஏறி உட்கார்ந்தேன். மூன்று மணி நேரத்தில் நோட்டில் எழுத ஏழு வரிதான் இருந்தது. எல்லாம் காது மடக்கல், ஒரே ஒரு கடி. சிட்டுவின் கணுவில் புது முடி. தளபதி வார் இறுக்கும்போது கடிப்பதை விட்டிருந்தது. மருந்தாலா, ராத்திரி தாளாலா என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியாது. இரண்டையும் ஒன்றாகத் தொடங்கியது ஆராய்ச்சிக்கு நல்லதல்ல, குதிரைக்கு நல்லது.

தீராததும் உண்டு. கருவாச்சி பருவத்துக்கு வரும்போது, சுமார் இருபத்தோரு நாளுக்கு ஒருமுறை, தளபதி கழுத்தைத் தரையோடு நீட்டி, பாம்பு மாதிரி ஆட்டி, அதை மற்றவற்றிடமிருந்து ஒதுக்கி ஓட்டுகிறது. விதை நீக்கிய குதிரைகள் சிலவற்றுக்கு இது போவதே இல்லை. வேலன் குறுக்கே போனால் சண்டை. அந்த ஐந்தாறு நாள் தளபதியையும் கருவாச்சியையும் தோப்புக்குள் தனியாக விட்டுவிடுகிறார்கள். மற்ற நாட்களில் வேலனும் தளபதியும் பின்னங்காலில் எழும்பி மோதுவதைப் பார்த்துப் பண்ணைக்காரர் இன்னும் பதறுகிறார். அது விளையாட்டு: ஒரு தடவை இது துரத்தும், அடுத்த தடவை அது. ஒரே குதிரை எப்போதும் ஓடினால்தான் எனக்குப் போன் செய்யுங்கள் என்று சொல்லியிருக்கிறேன்.

சித்திரையில் வேறு பிரச்சினை. தோப்பைக் குத்தகைக்கு எடுக்கிற வியாபாரி, குதிரை உள்ளே வரக்கூடாது என்றார். எனக்கும் பயம்தான். உதிர்ந்த மாங்காயைக் கொட்டையோடு விழுங்கினால் தொண்டையில் அடைக்கும், அதிகம் தின்றால் வயிற்றுவலி. வாசலை அடைத்தால் பழைய ஏழடிச் சந்து திரும்ப வந்துவிடும். மூன்று நாள் பேரம் நடந்தது. கடைசியில் வாசல்களை ஒட்டிய எட்டு மரத்தைக் குத்தகையில் சேர்க்காமல், அவற்றுக்குப் பின்னால் ஒரு கயிற்றுவேலி புதிதாகக் கட்டி, அந்த எட்டு மரத்துக் காயை மட்டும் பிஞ்சாகவே ஊறுகாய்க்குப் பறித்துவிட்டார்கள். எனக்கும் ஒரு சாக்கு வந்தது.